ஒப்படைத்த வண்டி, ஓடாத மீட்டர்

எண்பதுகளின் நடுவில் அமெரிக்காவின் மிசூரி மாநில நெடுஞ்சாலையில் அளவுமீறிய வேகத்தில் போன சில புத்தம்புதிய கார்களைப் போலீஸார் மறித்தார்கள். ஓட்டிவந்தவர்கள் கிரைஸ்லர் கார் நிறுவனத்தின் அதிகாரிகள். என்ன வேகத்தில் வந்தோம் என்பதே தெரியவில்லை, ஸ்பீடோமீட்டர் ஓடவில்லை என்று காரணம் சொன்னார்கள். அபராதச் சீட்டோடு முடிந்துபோயிருக்க வேண்டிய விஷயம். ஆனால் தொழிற்சாலையிலிருந்து நேற்றோ முந்தாநாளோ வெளியே வந்த காரில் மீட்டர் ஏன் ஓடவில்லை? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போன விசாரணை கடைசியில் நிறுவனத்தின் வாசலில் போய் நின்றது.

1987 ஜூன் மாதம் செயின்ட் லூயிஸ் நகரில் கிராண்ட் ஜூரி கிரைஸ்லர் மீது குற்றம் சாட்டியது. புதுக் கார்களை மேலாளர்கள் வீட்டுக்கு எடுத்துப்போவது அங்கே வழக்கமாக இருந்தது. தரத்தைச் சோதிப்பதற்காக என்று அதற்குப் பெயர். எடுத்துப்போகும்போது மீட்டர் இணைப்பைக் கழற்றிவிடுவார்கள். சிலர் ஓரிரு நாள் ஓட்டினார்கள், சிலர் வாரக்கணக்கில் ஓட்டினார்கள். பிறகு இணைப்பைப் பூட்டி ஷோரூமுக்கு அனுப்ப, ஓடாத புது வண்டி என்று அது விற்பனையாகும். ஒன்றரை ஆண்டுக்குள் இந்த வழியாகப் போனவை சுமார் 60,000 வண்டிகள். விபத்தில் அடிபட்டு, தட்டி, பெயின்ட் அடித்து, புதுசு என்று விற்கப்பட்ட கார்களும் அதில் இருந்தன.

அந்த ஜூலை 1-ஆம் தேதி நிறுவனத் தலைவர் லீ அயகோக்கா பத்திரிகையாளர்களைக் கூட்டினார். செய்தது முட்டாள்தனம் என்று மழுப்பாமல் ஒப்புக்கொண்டார். சேதமடைந்த கார்களை வாங்கியவர்களுக்குப் புதுக் கார், மற்றவர்களுக்கு நீட்டிக்கப்பட்ட வாரன்டி என்று அறிவித்தார். வழக்கில் நிறுவனம் எதிர்த்து வாதாடவில்லை. இழப்பீடும் அபராதமுமாகப் பல மில்லியன் டாலர் கொடுத்தது.

இந்தச் சம்பவத்தை இங்கே முதலில் சொல்ல ஒரு காரணம் உண்டு. மீட்டர் மோசடி என்றதும் நம் ஊரில் பழைய கார் புரோக்கர்தான் நினைவுக்கு வருவார். கிரைஸ்லர் விவகாரம் வேறு இடத்தைக் காட்டுகிறது. வண்டி யாருடைய பொறுப்பில் இருக்கிறதோ, அவர் அதைத் தன் வசதிக்கு ஓட்டிவிட்டு, ஓட்டியதற்கான தடயத்தை அழிக்கிறார். ஒப்படைத்தவருக்கோ வாங்கப்போகிறவருக்கோ எதுவும் தெரியாது.

தமிழ்நாட்டில் ஒரு சராசரிக் குடும்பம் வருஷத்தில் எத்தனை பேரிடம் வண்டிச் சாவியைக் கொடுக்கிறது என்று எண்ணிப் பார்க்கலாம். சர்வீஸ் சென்டர், வாட்டர் வாஷ், டிங்கரிங் கடை, கல்யாண மண்டப வாசலில் வண்டியை வாங்கி நிறுத்தும் பையன், வெளியூர் போக அழைத்த ஆக்டிங் டிரைவர், ரயில் நிலைய ஸ்டாண்டு. துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை கிடைத்துப் போகிறவர் காரை மைத்துனர் வீட்டில் விட்டுப் போகிறார். வாரம் ஒருமுறை ஸ்டார்ட் பண்ணி வையுங்கள் மாப்பிள்ளை என்று சொல்லிவிட்டுத்தான் போகிறார். விற்றுத் தருகிறேன் என்று சொன்ன டீலரிடம் இரண்டு மாதம் வண்டி நிற்கிறது.

திரும்பி வரும்போது சீட் பின்னால் தள்ளியிருக்கிறது. கண்ணாடி வேறு கோணத்தில் இருக்கிறது. அரை டேங்க் பெட்ரோல் கால் டேங்க் ஆகியிருக்கிறது. மீட்டரைப் பார்த்தால் கிலோமீட்டர் கூடியதாகத் தெரியவில்லை. அங்கேதான் சந்தேகம் பிறக்கிறது. பெரும்பாலும் அங்கேயே முடங்கியும் போகிறது, ஏனென்றால் கொடுக்கும்போது மீட்டரில் என்ன எண் இருந்தது என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது.

சந்தேகத்தை எடைபோட, மீட்டர் எப்படி எண்ணுகிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். ஓடிய தூரத்தை அளக்கும் ஆசை பழையது. ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதிய நூலில் ஒரு வண்டிக் கருவியை விவரிக்கிறார். 4 அடி விட்டமுள்ள சக்கரம் 400 முறை சுற்றினால் 5,000 அடி, அதாவது ஒரு ரோமானிய மைல் என்பது அவர் கணக்கு. ஒவ்வொரு மைலுக்கும் பற்சக்கரங்கள் ஒரு கூழாங்கல்லைப் பெட்டிக்குள் விழச் செய்யும். பயணம் முடிந்ததும் கற்களை எண்ணிக்கொள்ளலாம். பெட்டி யார் கையில் இருக்கிறதோ அவர் இரண்டு கல்லை எடுத்துவிட முடியும் என்ற பலவீனம் அன்றே அதற்குள் இருந்தது.

பழைய கார்களிலும் பைக்குகளிலும் ஒரு முறுக்குக் கேபிள்தான் எல்லாம். காரில் கியர்பாக்ஸிலிருந்தும், பல பைக்குகளில் முன்சக்கரத்திலிருந்தும் அது மீட்டருக்கு வரும். அந்த ஒரே கேபிள்தான் வேக முள்ளையும் நகர்த்தும், கிலோமீட்டர் உருளைகளையும் சுற்றும். கழற்றினால் இரண்டும் நிற்கும். மிசூரியில் அதிகாரிகளைக் காட்டிக்கொடுத்தது இந்த உண்மைதான்: கிலோமீட்டரை மறைக்கப் போய் வேகமும் தெரியாமல் போனது. நம் ஊர் மெக்கானிக்குகளுக்குக் கேபிளைக் கழற்றுவது ஒரு நிமிட வேலை. அதனால்தான் பழைய பைக் வாங்கப் போகிறவரிடம் அனுபவசாலிகள் கேபிளின் திருகுமூடியைப் பார்க்கச் சொல்வார்கள். அடிக்கடி கழற்றிப் பூட்டிய மூடியில் இடுக்கிப் பல் பதிந்திருக்கும்.

கிரைஸ்லர் மேலாளர்கள் கேபிளைக் கழற்றிக்கொண்டிருந்த அதே 1986-இல்தான் ஜான் ஹ்யூஸ் இயக்கிய 'ஃபெரிஸ் புல்லர்ஸ் டே ஆஃப்' திரைப்படம் வெளிவந்தது. அப்பாவின் 1961 மாடல் ஃபெராரியை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றும் பையன்கள் அதை ஒரு பார்க்கிங் கேரேஜில் ஒப்படைக்கிறார்கள். அவர்கள் தலை மறைந்ததும் பார்க்கிங் ஊழியர்கள் காரை எடுத்துக்கொண்டு பறக்கிறார்கள். பின்பு மீட்டரைப் பார்த்து அதிர்ந்த பையன்கள் காரை ஜாக்கியில் தூக்கி, ரிவர்ஸ் கியரில் சக்கரத்தைச் சுழலவிட்டு, கிலோமீட்டரைக் குறைக்கப் பார்க்கிறார்கள். எண் குறைவதில்லை. ரிவர்ஸில் எண் பின்னோக்கி ஓடிய மீட்டர்கள் பழைய காலத்தில் இருந்தது உண்மை. உருளை பின்னால் சுற்றாதபடி தடுப்பு வைத்த மீட்டர்கள் வந்தபின் அந்த வழி அடைபட்டது. ரோல் டால் 1988-இல் எழுதிய 'மட்டில்டா' நாவலில் பழைய கார் விற்கும் அப்பா துளையிடும் மிஷினைக் கேபிளில் மாட்டி மீட்டரைப் பின்னோக்கி ஓட்டுவார். குழந்தைகள் கதையிலேயே இடம்பிடிக்கும் அளவுக்கு அது ஊரறிந்த தந்திரமாக இருந்திருக்கிறது.

டிஜிட்டல் மீட்டர் வந்தால் இதெல்லாம் ஒழியும் என்று பலர் நம்பினார்கள். நடந்தது வேறு. இன்றைய காரில் சக்கரத்திலோ கியர்பாக்ஸிலோ உள்ள சென்சார் சுழற்சியை மின்துடிப்புகளாக அனுப்புகிறது. காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வயர் இணைப்பு வழியாக அது மீட்டர் பலகைக்குப் போகிறது. மொத்தக் கிலோமீட்டர் அங்கே ஒரு சிறிய நினைவகச் சிப்பில் எழுதப்படுகிறது. பேட்டரியைக் கழற்றினாலும் அந்த எண் அழியாது. ஆனால் அதை மாற்றி எழுத முடியும். ஸ்டியரிங்குக்குக் கீழே, சர்வீஸ் சென்டர்காரர் கோளாறு பார்க்கக் கருவியைச் செருகும் இடம் ஒன்று உண்டு. பல மாடல்களில் அதன் வழியாகவே எண்ணைத் திருத்துகிறார்கள். சிலவற்றில் மீட்டரைப் பிரித்துச் சிப்பில் நேரடியாகக் கைவைக்கிறார்கள். பழைய உருளை மீட்டரைத் திருப்பினால் எண்கள் கோணலாக நிற்கும், கீறல் இருக்கும். திரையில் தெரியும் எண்ணில் கோணலும் இல்லை, கீறலும் இல்லை.

ஓடும் தூரத்தை ஆரம்பத்திலேயே எண்ணாமல் தடுக்கும் சிறு கருவிகளும் உண்டு. மீட்டருக்குப் பின்னால் இரண்டு இணைப்புகளுக்கு நடுவில் பொருத்தினால் போதும். வேக முள் ஒழுங்காக நகரும், கிலோமீட்டர் மட்டும் ஏறாது. கேபிள் காலத்தில் வேகமும் சேர்ந்து நின்று காட்டிக்கொடுத்தது. இதில் அந்தக் காட்டிக்கொடுப்பும் இல்லை.

இருந்தாலும் நவீனக் கார் முற்றிலும் ஊமை அல்ல. பல மாடல்களில் ஓடிய தூரம் மீட்டரில் மட்டும் பதிவாவதில்லை. இன்ஜின் கம்ப்யூட்டர், பிரேக் கட்டுப்பாட்டுப் பெட்டி, தானியங்கி கியர்பாக்ஸ் ஆகியவற்றிலும், சில கார்களில் சாவிக்குள்ளேயும் அது எழுதப்படுகிறது. ஒரு கோளாறு பதிவாகும்போது அந்த நேரத்துக் கிலோமீட்டரும் சேர்ந்து பதிவாவது உண்டு. மீட்டர் 32,000 காட்டுகிறது, ஆனால் கியர்பாக்ஸ் கோளாறு 51,000-இல் பதிவாகியிருக்கிறது என்றால் அதற்குமேல் விவாதம் தேவையில்லை. மலிவாகத் திருத்துகிறவர்கள் மீட்டரை மட்டுமே தொடுவார்கள். மற்ற இடங்களில் பழைய எண் அப்படியே கிடக்கும். அந்தந்த கம்பெனியின் கருவி உள்ள சர்வீஸ் சென்டரில் இவற்றைப் படித்து அச்செடுத்துத் தரக் கேட்கலாம்.

அதற்கு முன்னால் நிதானமாகக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. மீட்டரைத் திருத்துவதால் இந்த நபருக்கு என்ன லாபம்?

சர்வீஸுக்கு விட்ட காரில் ஒரு ஊழியர் சாயங்காலம் 40 கிலோமீட்டர் சுற்றினார் என்று வைத்துக்கொள்வோம். அவர் எதற்குச் சிப்பைத் திருத்த வேண்டும்? ஒப்படைத்தவர் எண்ணைக் குறித்துக்கொள்ளவில்லை என்றால் அவருக்கு அந்த அலட்சியமே போதும். இத்தகைய சந்தேகங்களில் பெரும்பகுதி உண்மையில் மீட்டர் திருத்தம் பற்றியவை அல்ல, அனுமதியில்லாத ஓட்டம் பற்றியவை. இரண்டையும் குழப்பிக்கொண்டு, மீட்டரைத் திருப்பிவிட்டீர்கள் என்று கத்திவிட்டு வந்தால் புகார் வலுவிழக்கும். எதிராளி மீட்டரைச் சோதிக்கச் சொல்வார், அது சுத்தமாக இருக்கும், வண்டியை ஊர் சுற்ற எடுத்துப்போன உண்மை அந்தச் சத்தத்தில் காணாமல் போகும்.

மீட்டர் திருத்தம் லாபம் தருவது வேறு இடங்களில். விற்பனைக்காக டீலரிடம் நிற்கும் வண்டியில் அது லாபம் தரும். டாக்டர் வண்டி சார், சிங்கிள் ஓனர், 38,000 தான் ஓடியிருக்கு என்று சொல்வதற்காகவே எண்ணைக் குறைப்பவர்கள் உண்டு. வருஷத்துக்கு இத்தனை கிலோமீட்டருக்கு மேல் ஓட்டக் கூடாது என்ற நிபந்தனையோடு குத்தகைக்கு எடுத்த காரில் லாபம் தரும். வாடகைக்கு எடுத்தவர் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கொடுக்க வேண்டியிருந்தால் எண்ணைக் குறைக்கத் தோன்றும். மாறாக, ஷெட்டிலிருந்து ஷெட் வரை கணக்குப் போட்டு நிறுவனத்திடம் பணம் வாங்கும் வண்டியில் எண்ணைக் கூட்டத் தோன்றும். வாரன்டி கிலோமீட்டர் தாண்டிய வண்டியில் சொந்தக்காரரே செய்வதும் உண்டு.

குற்றமில்லாத விளக்கங்களையும் எடுத்துப் பார்க்க வேண்டும். பிரேக் சத்தம், சஸ்பென்ஷன் தட்டல் போன்ற புகார்களுக்கு மெக்கானிக் வண்டியை ஓட்டிப் பார்க்காமல் வேலை முடிக்க முடியாது. வேலைக்கு முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தால் சில கிலோமீட்டர் ஏறுவது நியாயம். ஏ.சி. சோதனைக்காக இன்ஜினை நிறுத்தாமல் ஓடவிட்டால், கார் நகராமலேயே மணிக்கு ஒரு லிட்டர் வரை பெட்ரோல் போகலாம். மீட்டர் நகரவில்லை, பெட்ரோல் மட்டும் குறைந்தது என்ற புதிருக்கு இது ஒரு விடை. பேட்டரியைக் கழற்றினால் பல கார்களில் டிரிப் மீட்டர் பூஜ்யமாகிவிடும், மொத்த ஓட்டம் மாறாது. வழக்கமாக டிரிப் எண்ணையே பார்த்துப் பழகியவர் அதைக் கண்டு பதறுகிறார். மீட்டர் பலகை கெட்டுப்போய்ப் புதிதாகப் போட்டிருந்தால் எண் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கக் கூடும். அப்படி மாற்றும்போது பழைய எண், மாற்றிய தேதி இரண்டையும் பில்லில் எழுதிக் கொடுப்பது நேர்மையான கடையின் அடையாளம். பெரிய டயர் மாட்டிய வண்டியில் மீட்டர் உண்மையைவிடக் குறைவாகவே எண்ணும்.

இந்தப் பட்டியலை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம், சந்தேகத்தின் மறுபக்கத்திலும் ஒரு மனிதர் நிற்கிறார். பன்னிரண்டாயிரம் ரூபாய் சம்பளத்தில் வேலை பார்க்கும் பையன்மீது ஒரு சொல் விழுந்தால் அன்றைக்கே வேலை போகலாம். இருபது வருஷம் வீட்டு வண்டி ஓட்டிய டிரைவர் அண்ணன் அதற்குப் பிறகு அந்த வாசலை மிதிக்க மாட்டார். எண்ணும் தேதியும் கையில் இல்லாமல் ஒருவரைத் திருடன் என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது.

சாட்சி எங்கே கிடைக்கும்? பத்து வருஷத்துக்கு முன் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது கஷ்டம். இப்போது சாலையே சாட்சி சொல்கிறது. 2021 பிப்ரவரி நடுவிலிருந்து தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் நான்கு சக்கர வண்டிகளுக்கு ஃபாஸ்டேக் கட்டாயம். பணம் பிடிக்கப்பட்டவுடன் சாவடிப் பெயரும் நேரமும் சொந்தக்காரரின் கைப்பேசிக்கு வரும். சென்னை ஒர்க்‌ஷாப்பில் நிற்க வேண்டிய காருக்குப் பரனூர் சாவடியிலிருந்து இரவு பத்து மணிக்குக் குறுஞ்செய்தி வந்தால் அதைவிடத் தெளிவான ஆதாரம் வேண்டாம். வேகக் கேமராவிலோ சிக்னலிலோ மாட்டியிருந்தால் அபராத அறிவிப்பு வண்டியின் பெயரில் இணையத்தில் ஏறியிருக்கும். பெரும்பாலும் அதில் இடமும் நேரமும் படமும் இருக்கும். கைப்பேசிச் செயலியோடு இணைந்த புதிய கார்களில் ஓட்டப் பதிவு தானாகவே சேமிக்கப்படுகிறது. டேஷ் கேமரா இருந்தால் அதன் கார்டைப் பார்க்கலாம். கார்டு காலியாக இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளலாம்.

நீண்ட காலத் திருத்தத்துக்குச் சாட்சி காகிதங்களில் இருக்கிறது. ஒவ்வொரு சர்வீஸ் பில்லிலும் கிலோமீட்டர் இருக்கும். டயர், பேட்டரி வாங்கிய ரசீதுகளிலும் சில கடைகள் எழுதுகின்றன. இவற்றைத் தேதிவாரியாக அடுக்கினால் எண் ஏறிக்கொண்டே போக வேண்டும். ஓரிடத்தில் இறங்கினால் அதற்கு முந்தைய தேதிக்கும் பிந்தைய தேதிக்கும் நடுவில் வண்டி யாரிடம் இருந்தது என்று பார்த்தால் போதும். டயரின் பக்கவாட்டில் தயாரித்த காலம் நான்கு இலக்கமாக அச்சாகியிருக்கும்; 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். 2019 மாடல் கார், மீட்டரில் 15,000 கிலோமீட்டர், டயர்கள் மட்டும் 2022-இல் தயாரானவை என்றால் முதல் செட் டயர் எங்கே தேய்ந்தது என்று கேட்கலாம். பிரேக் பெடல் ரப்பர் மழமழவென்று தேய்ந்திருப்பது, ஸ்டியரிங் பளபளப்பது, டிரைவர் சீட்டின் ஓரம் நைந்திருப்பது ஆகியவை துணைச் சாட்சிகள். இவற்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது? அமெரிக்காவில் 1972-லிருந்து மீட்டர் திருத்தத்துக்கென்றே கூட்டாட்சிச் சட்டம் இருக்கிறது. ஏமாற்றும் நோக்கத்தோடு செய்தவரிடமிருந்து, பாதிக்கப்பட்டவர் நஷ்டத்தைப் போல மூன்று மடங்கோ 10,000 டாலரோ, எது அதிகமோ அதைப் பெறலாம். சிறைத்தண்டனையும் உண்டு. அப்படியிருந்தும் ஆண்டுக்கு 4,50,000-க்கும் அதிகமான வண்டிகள் பொய்யான எண்ணோடு விற்கப்படுவதாக அந்நாட்டின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் மதிப்பிட்டது. அமெரிக்காவைப் போல் மீட்டருக்கென்று தனிச்சட்டம் இந்தியாவில் இல்லை. அதனால் கைவிரிக்க வேண்டியதும் இல்லை, ஏனென்றால் ஒப்படைத்த பொருளைப் பற்றி நம் சட்டம் மிகப் பழைய காலத்திலிருந்தே தெளிவாகப் பேசுகிறது.

1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 148-ஆவது பிரிவு, ஒரு நோக்கத்துக்காகப் பொருளை ஒருவரிடம் கொடுத்து, நோக்கம் முடிந்ததும் திரும்பப் பெறும் உறவை வரையறுக்கிறது. பழுதுபார்க்கக் கொடுத்த பைக் தொடங்கி ஹோட்டல் வாசலில் சாவி கொடுத்த கார் வரை இதில் அடக்கம். 151-ஆவது பிரிவின்படி, விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படி அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தக் கட்டுரைக்கு மிகவும் வேண்டியது 154-ஆவது பிரிவு. ஒப்படைத்தபோது பேசிய நிபந்தனைக்கு மாறாக அந்தப் பொருளைப் பயன்படுத்தினால், அப்போது ஏற்படும் சேதத்துக்கு வைத்திருந்தவரே ஈடு கொடுக்க வேண்டும். அவர் கவனமாகத்தான் ஓட்டினாரா என்ற கேள்வியே எழாது. ஓட்டியதே நிபந்தனை மீறல்.

உங்கள் சொந்தப் பொறுப்பில் நிறுத்துகிறீர்கள் என்று சீட்டில் அச்சடித்திருந்தால்? இந்தக் கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 2019 நவம்பரில் பதில் சொன்னது. 1998-இல் டெல்லி தாஜ் மஹால் ஹோட்டலுக்கு வந்த ஒருவர் தன் மாருதி ஜென் காரின் சாவியை ஹோட்டல் ஊழியரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது காரை வேறு யாரோ ஓட்டிக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். சீட்டில் உள்ள வாசகத்தைக் காட்டி ஹோட்டல் தப்பப் பார்த்தது. சாவியை வாங்கிக்கொண்ட நிமிடமே பொறுப்பும் வந்துவிட்டது, தன் கவனக்குறைவால் வந்த இழப்பை அந்த வாசகத்தால் உதற முடியாது, கவனமாக இருந்தோம் என்று நிரூபிக்க வேண்டியது ஹோட்டல்தான் என்று நீதிமன்றம் சொன்னது. கடைசி வரிதான் சாமானியருக்குப் பெரிய பலம். பூட்டிய ஒர்க்‌ஷாப்புக்குள் என்ன நடந்தது என்று வெளியே இருப்பவர் எப்படி நிரூபிப்பார்?

சும்மா ஒரு ரவுண்டு எடுத்துப்போய்த் திரும்பக் கொண்டுவந்து வைத்துவிட்டார், இதில் என்ன குற்றம் என்று கேட்பவர்களும் உண்டு. அதற்கும் ஒரு பழைய தீர்ப்பு இருக்கிறது. 1952-இல் ஜோத்பூர் விமானப்படைப் பயிற்சி மையத்தில் பயிற்சியில் இருந்த இளைஞர் ஒருவர் அனுமதியின்றி ஹார்வர்டு ரக விமானத்தை எடுத்துக்கொண்டு பறந்து, பாகிஸ்தான் மண்ணில் போய் இறங்கினார். நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் எண்ணம் இல்லை என்பது தப்பிக்க வழியாகாது, நேர்மையற்ற எண்ணத்தோடு தற்காலிகமாக எடுத்தாலும் திருட்டுதான் என்று 1957-இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது. உரிமையாளரே சாவியைக் கொடுத்திருக்கும் இடத்தில் பொருத்தமானது நம்பிக்கை மோசடிப் பிரிவு. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 316. மீட்டரைக் குறைத்து விற்றால் ஏமாற்றுதல், பிரிவு 318.

விற்றுத் தரச் சொல்லி டீலரிடம் விட்ட வண்டிக்கு இன்னொரு பாதுகாப்பு வந்திருக்கிறது. பலருக்கும் இது தெரியாது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்த திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி பழைய வண்டி டீலர் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரம் பெற வேண்டும், வண்டி தன்னிடம் வந்ததை இணையவழியில் தெரிவிக்க வேண்டும். அந்த வண்டியை எதற்காக, யார், எப்போது, எவ்வளவு தூரம் ஓட்டினார்கள் என்று மின்னணுப் பதிவேடும் வைத்திருக்க வேண்டும். வண்டியை விட்டவர் அந்தப் பதிவேட்டைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். கேட்கத் தொடங்கினால்தான் டீலர்களும் அதை எழுதத் தொடங்குவார்கள்.

பெல்ஜியம் இதில் ஒரு படி மேலே போயிருக்கிறது. 2006 முதல் அங்கே ஒவ்வொரு ஒர்க்‌ஷாப்பும் வண்டி வரும்போதெல்லாம் மீட்டர் எண்ணை 'கார் பாஸ்' என்ற பொதுப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும். விற்கும்போது அந்தச் சான்று இல்லாமல் விற்க முடியாது. ஜப்பானில் வாகனச் சோதனையின்போது எண் ஆவணத்தில் ஏறுகிறது, ஏலத்தில் போகும் வண்டியின் விவரத் தாளிலும் கிலோமீட்டர் எழுதப்படுகிறது. இலங்கையில் ஜப்பானிய ரீகண்டிஷன் வண்டி வாங்குகிறவர்கள் அந்த ஏலத் தாளைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது இதனால்தான். கப்பலேறும்போது 90,000 இருந்த எண் கொழும்பில் இறங்கும்போது 40,000 ஆகியிருந்தால் அந்தத் தாள் காட்டிவிடும். இந்தியாவில் ஃபாஸ்டேக்கும் வாகனப் பதிவும் ஏற்கெனவே கம்ப்யூட்டரில் இருக்கின்றன. சர்வீஸ் பில் எண்களையும் அதோடு கட்டாயமாகச் சேர்த்தால் செலவு அதிகமில்லை, பயன் நாளையே தெரியும். இதைச் செய்ய அரசு தாமதிக்க நியாயமான காரணம் எதுவும் இல்லை.

அதுவரை வேலை உரிமையாளர் கையில்தான். சாவி கொடுப்பதற்கு முன் மீட்டர், பெட்ரோல் அளவு, வண்டியின் நான்கு பக்கம் எல்லாவற்றையும் கைப்பேசியில் படமெடுத்து, வாங்குகிறவரின் வாட்ஸ்அப்புக்கே அனுப்பலாம். தேதியும் நேரமும் இரு பக்கமும் பதிந்துவிடும். ஜாப் கார்டில் கிலோமீட்டர் எழுதியிருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும். அவசரத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுகிறவர்கள் அதிகம். ஓட்டிப் பார்க்க எத்தனை கிலோமீட்டர் ஆகும் என்று அப்போதே கேட்டு எழுதச் சொல்லலாம். ஆக்டிங் டிரைவரோ மைத்துனரோ, அண்ணே மீட்டரை ஒரு போட்டோ எடுத்துக்கலாம், உங்களுக்கும் நல்லது எனக்கும் நல்லது என்று முகம் கொடுத்துச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. வெளிநாடு போகிறவர் மாதம் ஒரு மீட்டர் படம் அனுப்பச் சொல்லிவிட்டுப் போகலாம்.

திரும்பப் பெறும்போது அதே இடத்தில், காரை வெளியே எடுப்பதற்கு முன்பே எண்ணைப் பார்க்க வேண்டும். வீட்டுக்கு வந்து பார்த்தால் வழியில் ஓடிய தூரமும் சேர்ந்து குழப்பும். ஒத்துப்போகாவிட்டால் மேலாளரிடம் எழுத்தில் கேட்க வேண்டும்: கொடுத்தபோது இந்த எண், இப்போது இந்த எண், இடையில் யார் எதற்காக ஓட்டினார்கள். ஒர்க்‌ஷாப்பின் சிசிடிவி பதிவை அழிக்காமல் வைக்கும்படியும் அதே கடிதத்தில் கேட்க வேண்டும். பெரும்பாலான கேமராக்களில் பழைய காட்சிகள் சில வாரங்களில் தானாக அழிந்துவிடும். மீட்டரையே திருத்தியிருப்பதாகச் சந்தேகம் வந்தால், வேறு ஒர்க்‌ஷாப்பில் எந்த வேலையும் செய்வதற்கு முன் கருவியைச் செருகிப் படிக்கச் சொல்ல வேண்டும். கோளாறுப் பதிவுகளை அழித்துவிட்டால் அவற்றோடு இருந்த கிலோமீட்டரும் போய்விடும்.

பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை. மனுவோடு ஜாப் கார்டு, படங்கள், ஃபாஸ்டேக் கணக்கு, எழுதிய கடிதத்தின் நகல் எல்லாம் வைக்க வேண்டும். படமெடுத்த கைப்பேசியை விற்றுவிடாமல் வைத்திருப்பது நல்லது, ஏனென்றால் மின்னணு ஆதாரத்துக்கு அது எந்தக் கருவியில் பதிவானது என்ற சான்றும் கேட்பார்கள். பிரச்சினை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுத்துவிட வேண்டும்.